மேலே எட்டு, கீழே பன்னிரண்டு

ஆடி மாசம் முக்கொம்பு போனவங்களுக்குத் தெரியும், அங்கே காற்று வீசாது, தள்ளும். பாலக்காட்டுக் கணவாய் வழியா நுழைஞ்சு வர்ற காற்று கரூர், குளித்தலை தாண்டி, காவிரி மேல ஓடி வந்து நம்ம முகத்துல மணலைப் போட்டுட்டுத்தான் ஸ்ரீரங்கம் பக்கம் போகும். வறுத்த மீன் வாங்கினா ஒரு கையால மீனையும் இன்னொரு கையால பேப்பரையும் பிடிச்சுக்கணும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்னு சொன்னவர் நிச்சயம் இந்தப் பக்கத்து ஆளாத்தான் இருக்கணும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பெரியப்பாவோட அங்கே போனபோதுதான் என்னுடைய ப்ராஜெக்ட் கவிழ்ந்தது. மார்க் வாங்கி, பைண்டிங் போட்டு, பரணில் ஏறிய பிறகு கவிழ்ந்தது. அந்தக் கதைதான் இது. மெக்கானிக்கல் படிக்காதவங்களும் தைரியமா படிக்கலாம், கணக்கு கொஞ்சம்தான் :-)

முதல்ல ப்ராஜெக்ட். உயரமான ஒரு ப்ரெஷர் வெசல், அதாவது சுத்திகரிப்பு ஆலைகளில் கோபுரம் மாதிரி நிற்குமே, அந்த காலம். அதன் உடம்புத் தகடு (ஷெல்) எத்தனை மி.மீ. தடிமனா இருக்கணும்னு கண்டுபிடிக்கணும். உள்விட்டம் 2 மீட்டர், உயரம் 40 மீட்டர், உள்ளே அழுத்தம் 0.5 மெகா பாஸ்கல் (சுமாரா 5 கிலோன்னு பட்டறையில் சொல்வாங்க), வெப்பநிலை 150 டிகிரி. தகடு எஸ்.ஏ. 516 கிரேடு 70. ஏ.எஸ்.எம்.இ. செக்‌ஷன் 8 புத்தகத்தில் யு.ஜி.-27 என்ற பத்தியில் சூத்திரம் தயாரா இருக்கு. அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கு. அதை, அனுமதிக்கப்பட்ட ஸ்ட்ரெஸ்ஸையும் வெல்டிங் எஃபிஷியன்சியையும் பெருக்கி அதிலிருந்து அழுத்தத்தில் 0.6 பங்கைக் கழிச்சு வர்ற எண்ணால வகு. அவ்வளவுதான்.

0.5 × 1000 ÷ (138 × 0.85 − 0.3). விடை 4.27 மி.மீ. துருவுக்குன்னு 3 மி.மீ. சேர்த்தா 7.27. கடையில் கிடைப்பது 8 மி.மீ. தகடு. எட்டுன்னு எழுதி, கீழிருந்து மேல்வரை ஒரே தடிமன்னு படம் வரைஞ்சு, பின்னாடி இருபது பக்கம் முன்னுரையும் சேர்த்துக் கொடுத்தேன். கேள்வி கேட்டவங்க சூத்திரத்தைக் கேட்டாங்க, சொன்னேன். வெல்டிங் எஃபிஷியன்சி ஏன் 0.85னு கேட்டாங்க, அதையும் சொன்னேன். நல்ல மார்க். வகுப்பில் கைதட்டல் வேற.

பெரியப்பா துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் ரோலிங் மெஷின் ஆபரேட்டர். 1965ல் திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை வந்த பிறகு அதைச் சுத்தி முளைச்ச நூற்றுக்கணக்கான பட்டறைகளில் அதுவும் ஒண்ணு. தட்டையா வர்ற தகட்டை மூணு உருளைக்கு நடுவில் விட்டு வளையமா சுருட்டுவது அவர் வேலை. சுருட்டின ரிங்கை நெடுக்கா ஒட்டுற வெல்டிங் எல்-சீம். ரிங்கையும் ரிங்கையும் சுத்தி ஒட்டுறது சி-சீம். முப்பது வருஷமா அதைத்தான் பார்க்கிறார்.

ஜீயபுரம் தாண்டி வரும்போது ரெண்டு பக்கமும் வாழைத்தோட்டம். தார் போட்ட வாழைக்கெல்லாம் சவுக்குக் கம்பு முட்டு கொடுத்திருந்தாங்க. வண்டியை ஓட்டிக்கிட்டே, "என்னடா உன் ப்ராஜெக்ட்டு, சொல்லு"ன்னார். நானும் பெருமையா சொன்னேன். இரண்டு மீட்டர் விட்டம், நாற்பது மீட்டர் உயரம், எட்டு மி.மீ.

"கீழயுமா எட்டு?"

"ஆமா பெரியப்பா. அழுத்தம் எல்லா இடத்திலயும் ஒண்ணுதானே."

அவர் பதில் சொல்லலை. முக்கொம்பு வந்து, வண்டியை நிறுத்தி, பாலத்துக்கிட்ட போய் நின்ன பிறகுதான் பேசினார். "நான் சுருட்டின ஒரு காலம் கூட அப்படி இல்லடா. கீழ் ரிங்கெல்லாம் தடிப்பா இருக்கும், மேல போகப் போக மெல்லிசாயிடும். ஏன்னு எனக்கு சொல்லத் தெரியாது. நீதான் படிச்சிருக்கியே."

எனக்கு முதலில் தோன்றிய பதில் தண்ணி. எதிரிலேயே ஷட்டர் இருந்ததால் அது சுலபமா வந்தது. ஆழம் போகப் போக அழுத்தம் ஏறும், பத்து மீட்டருக்கு கிட்டத்தட்ட 1 பார். ஷட்டரின் அடிப்பகுதிதான் அதிகம் தாங்கும். காலத்துக்குள் நாற்பது மீட்டருக்குத் திரவம் நின்றால் அடியில் 0.39 மெகா பாஸ்கல் கூடும். "அதுக்காகத்தான் இருக்கும்"னேன். அவர் சிரிச்சார். "அதுக்குள்ள ட்ரே தாண்டா இருக்கும், ஆவியா போகும். தண்ணியை ரொப்பி யார் ஓட்டுறா?" சரிதான். திரவம் அடியில் கொஞ்சம் நிற்கும், ஒவ்வொரு ட்ரேயிலும் சில சென்டிமீட்டர் நிற்கும், அவ்வளவுதான். முழுக்க தண்ணி ரொப்புவது ஹைட்ரோ டெஸ்ட் அன்னிக்கு மட்டும். அதையும் பெரும்பாலும் பட்டறையில் படுக்கவெச்சே செய்துடுவாங்க. நிக்கவெச்சு ரொப்பினா 125 டன் தண்ணி ஆகும்.

அந்த ஷட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆர்தர் காட்டன் 1836ல் கட்டி முடித்த மேலணை அது. கொள்ளிடம் பக்கத்து மதகுகளில் ஒன்பது, 2018 ஆகஸ்ட் 22 இரவு வெள்ளத்தில் அடிச்சுக்கிட்டுப் போச்சு. பிறகு பக்கத்திலேயே புதுக் கதவணை கட்டினாங்க. உடைஞ்ச இடத்தை வேடிக்கை பார்க்க ஊரே திரண்டதில் நானும் ஒருத்தன். அடைச்ச ஷட்டருக்கு எதிரே அமைதியா நிற்கிற தண்ணி தர்ற சுமை ஒரு விதம். அடிச்சுக்கிட்டு ஓடுற வெள்ளம் தர்ற சுமை வேற விதம். நான் என் காலத்துக்கு ஒரு விதத்தை மட்டும்தான் கேட்டிருந்தேன்.

அதே புத்தகத்தில், யு.ஜி.-27க்கு அஞ்சு பத்தி முன்னாடியே யு.ஜி.-22 இருக்கு. வெசலுக்கு வரக்கூடிய சுமை எல்லாத்தையும் கணக்கில் எடுன்னு அது பட்டியலே போடுது: அழுத்தம், சொந்த எடை, உள்ளே இருக்கும் பொருளின் எடை, காற்று, நிலநடுக்கம், இன்னும் சில. ஆனா காற்றுக்கு என்ன சூத்திரம்னு சொல்லாது. அது உன் பொறுப்பு. சூத்திரம் இருக்கிற பக்கத்தை மட்டும் படிக்கிற என்னை மாதிரி ஆளுக்கு இது கண்ணில் படாதது ஆச்சரியம் இல்லை.

வீட்டுக்கு வந்து கணக்கை மறுபடி போட்டேன். இங்கே ஒரு அழகான விஷயம் இருக்கு, அதைச் சொல்லியே ஆகணும்.

பம்ப் செட் ஓஸ் வெடிச்சதைப் பார்த்திருக்கீங்களா? நெடுக்காத்தான் கிழியும், குறுக்கா இல்லை. உருளைக்குள் இருக்கும் அழுத்தம், சுத்துவட்டத்தில் இழுக்கிற இழுப்பு (ஹூப் ஸ்ட்ரெஸ்), நீளவாக்கில் இழுக்கிற இழுப்பைப் போல ரெண்டு மடங்கு. அதனால் எல்-சீம் படுற பாட்டில் பாதிதான் சி-சீமுக்கு. என் காலத்தில் சுத்துவட்டத்துக்கு 4.27 மி.மீ. வேணும், நீளவாக்குக்கு 2.13 மி.மீ. போதும். அதாவது நீளவாக்கில் பாதித் தகடு சும்மா கிடக்குது. இந்த சும்மா கிடக்கிற பாதியைத்தான் காற்று வந்து செலவு பண்ணுது. குட்டையான வெசலா இருந்தா அந்தப் பாதியையே காற்றால் தின்று முடிக்க முடியாது. அதனால்தான் சின்ன டாங்குக்கு என் எட்டு மி.மீ. கணக்கு சரியாவே வந்துடும். உயரம் கூடினால் கதை மாறும். காற்று தரும் வளைப்பு உயரத்தின் வர்க்கத்தில் ஏறும். உயரம் ரெண்டு மடங்கானா வளைப்பு நாலு மடங்கு.

காற்றுக்கு நம்ம நாட்டு விதி ஐ.எஸ். 875 பாகம் 3. அதில் திருச்சிக்கு அடிப்படை வேகம் நொடிக்கு 47 மீட்டர், மணிக்கு கிட்டத்தட்ட 170 கி.மீ. சென்னைக்கு 50, மதுரைக்கும் கோவைக்கும் 39. இது ஆடிக்காற்று இல்லை, ஐம்பது வருஷத்தில் ஒருமுறை எதிர்பார்க்கும் மூணு நொடி வீச்சு. உள்நாட்டு ஊருக்கு ஏன் இவ்வளவுன்னு கேட்கத் தோணும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறின கஜா, கடற்கரையோட நின்னுடலை. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்பு தோப்பா சாய்ச்சுட்டு உள்ளே வந்தது. சில மரம் வேரோடு, சில மரம் நடுவில் முறிஞ்சு. சாகும் நாள்வரை மறக்காத காட்சி அது.

கணக்குக்கு வருவோம். உயரத்துக்கு ஏற்ப கூடுற வேகம், உருளைக்கு உண்டான சலுகை, ஏணி, பிளாட்பாரம், இன்சுலேஷன் எல்லாம் சேர்த்துப் பார்த்ததில் ஒரு மீட்டர் உயரத்துக்கு சுமார் 3 கிலோ நியூட்டன் காற்று விசைன்னு எடுத்துக்கிட்டேன். அடியில் வளைப்பு 3 × 40 × 40 ÷ 2, அதாவது 2400 கிலோ நியூட்டன் மீட்டர். மொத்த எடை 40 டன்னு வெச்சுக்கிட்டேன். (அடியில் இருக்கும் ஸ்கர்ட்டைக் கணக்கில் சேர்க்கலை, அதுக்குத் தனி கணக்கு.)

காற்று அடிக்கிற பக்கம் தகடு மேல்நோக்கி இழுபடும். உள் அழுத்தமும் அதே திசையில் இழுக்கும். எடை மட்டும் கொஞ்சம் கீழே பிடிச்சு உதவும். அழுத்தத்துக்கு 2.13, காற்றுக்கு 6.51, கூட்டி, எடைக்கு 0.54 கழிச்சா 8.1 மி.மீ. காற்று எப்பவாவது வர்ற சுமைங்கிறதால் புத்தகம் 20 சதவீதம் சலுகை தருது. அப்போ 6.75. என் 4.27 எங்கே, இது எங்கே!

ஆனா மோசமான பக்கம் இது இல்லை. எதிர்ப்பக்கம். அங்கே காற்று தகட்டை நசுக்கும், எடையும் சேர்ந்து நசுக்கும். மெல்லிய உருளையை நசுக்கினா அது எஃகின் பலம் தீரும்வரை காத்திருக்காது, காலி குளிர்பான டின்னை மேலிருந்து மிதிச்ச மாதிரி திடீர்னு மடங்கும். இதுக்கு அனுமதி ரொம்பக் குறைவு, தடிமன் குறையக் குறைய இன்னும் குறையும். துரு தின்ன பிறகு 7 மி.மீ. மிச்சம் இருந்தால், நசுக்கல் 118 மெகா பாஸ்கல். அனுமதி, சலுகையெல்லாம் சேர்த்தும், நூறைத் தொடலை. 8 மி.மீ.க்கும் மயிரிழையில் தவறியது. 9 மி.மீ. மிச்சம் இருந்தால்தான் நிக்குது. துருவுக்கு 3 சேர்த்தா 12.

இதில் என்னைத் தூங்கவிடாம பண்ணினது வேற. இந்த எதிர்ப்பக்கத்தில் உள் அழுத்தம் நண்பன். அது மேல்நோக்கி இழுப்பதால் நசுக்கலைக் குறைக்கும். 9 மி.மீ. தகட்டில் 92ஆ இருக்கிற நசுக்கல், அழுத்தம் ஏறியிருந்தால் 64க்கு இறங்கிடும். அப்படின்னா இந்தக் காலத்துக்கு ரொம்ப ஆபத்தான நாள், ஆலை முழுவேகத்தில் ஓடுற நாள் இல்லை. ஷட்டவுன் எடுத்து, அழுத்தத்தை இறக்கி, உள்ளே ஆளை அனுப்பி சுத்தம் பண்ற நாள். எட்டு மி.மீ.ன்னு நான் வரைஞ்சது, துரு தின்னு 5 ஆன ஒரு காலத்தில், அப்படி ஒரு நாளில், புயல் வந்தால் நின்னிருக்காது. உள்ளே இருக்கப்போவது பெரியப்பா மாதிரி ஒருத்தர்.

ப்ரெஷர் வெசல்னு பேர் இருக்கிறதால் ப்ரெஷரைப் பார்த்தே பயப்படப் பழகிட்டோம். அதுக்குக் காரணமும் இருக்கு. 1905 மார்ச் 20 அன்று அமெரிக்காவில் பிராக்டன் ஊர்ச் செருப்பு ஆலையில் பாய்லர் வெடிச்சு 58 பேர் செத்தாங்க. அந்த மாதிரி சாவுகளின் மேல்தான் ஏ.எஸ்.எம்.இ. பாய்லர் விதிகளே எழுந்தது, முதல் பதிப்பு 1914. காற்றுக்கும் அப்படி ஒரு தேதி உண்டு. 1965 நவம்பர் 1, இங்கிலாந்தில் ஃபெர்ரிபிரிட்ஜ் மின் நிலையம். 114 மீட்டர் உயரக் குளிர்விப்புக் கோபுரம் எட்டில் மூணு, காற்றில் விழுந்தது. அது வெசல் இல்லை, கான்கிரீட். ஆனா தப்பு என் தப்புக்குச் சொந்தக்காரன்தான். காற்றை ஒரு நிமிஷ சராசரியா எடுத்திருந்தாங்க, சில நொடி வீச்சை விட்டுட்டாங்க. முன்வரிசைக் கோபுரங்கள் கலைச்சுவிட்ட காற்று பின்வரிசையை எப்படி அடிக்கும்னும் சரியா பார்க்கலை. விழுந்தது பின்வரிசை.

இன்னொரு திகிலும் இருக்கு. சுருக்கமா சொல்லிடறேன். உருளையைத் தாண்டுற காற்று இடம், வலம்னு மாறி மாறி சுழல்களை உதிர்க்கும். அந்தத் தாளமும் காலத்தின் சொந்த ஆட்டமும் ஒத்துப்போனா, ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளின மாதிரி ஆட்டம் வளரும். என் காலம் ஒருமுறை ஆடி வர 1.2 நொடி ஆகும். அதுக்கு ஒத்துப்போகும் காற்று வேகம் எவ்வளவுன்னு பார்த்தா மணிக்கு சுமார் 35 கி.மீ. புயலே வேண்டாம், முக்கொம்பில் மீன் பேப்பரைப் பறக்கவிட்ட அதே காற்று போதும்! சில புகைபோக்கிகளில் மேல்பக்கம் திருகாணி மாதிரி பட்டை சுத்தியிருக்குமே, அது அழகுக்கு இல்லை, அந்தச் சுழல்களைக் கலைக்க. பெரியப்பா அந்தப் பட்டையையும் வளைச்சிருக்கார். எதுக்குன்னு யாரும் அவருக்குச் சொன்னதில்லையாம்.

சரி, அப்போ முழுக்க 12 போட்டுடலாமா? போடலாம். ஆனா மேலே இருந்து இறங்கி வந்து பாருங்க. வளைப்பு உயரத்தின் வர்க்கம்னு சொன்னேன் இல்லையா, அதனால் உச்சியிலிருந்து 26 மீட்டர் வரைக்கும் காற்றுக்கு வேலையே இல்லை, அழுத்தம் கேட்கிற 8 மி.மீ. போதும். அதுக்குக் கீழே 10, கடைசியில் 12. தகட்டு அகலம் 2.5 மீட்டர்னா மொத்தம் 16 ரிங். மேலே பத்து ரிங் எட்டு, நடுவில் நாலு ரிங் பத்து, அடியில் ரெண்டு ரிங் பன்னிரண்டு. முழுக்க 12 போட்டா ஷெல் மட்டும் கிட்டத்தட்ட 24 டன். இப்படிப் படிப்படியா போட்டா 18 டன்னுக்குள்ள முடிஞ்சுடும். நான் தப்பா போட்ட முழு எட்டுக்கு 16 டன். ஆக, ரெண்டு டன் எஃகை மிச்சம் பிடிச்சுத்தான் அந்தக் கைதட்டலை வாங்கியிருக்கேன்.

எனக்கு வழிகாட்டின ஆசிரியர்கிட்ட போய்ச் சொன்னேன். ஒரு நிமிஷம் அமைதியா கணக்கைப் பார்த்தார். "மார்க் எல்லாம் அனுப்பியாச்சேப்பா"ன்னார். அப்புறம், "காற்றைப் பத்தி நானும் கேட்டிருக்கணும்"னார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் மேல் மரியாதை கூடிடுச்சு. பைண்டிங் பண்ணின பிரதியின் கடைசிப் பக்கத்தில் புதுக் கணக்கை ஒட்டி வைக்க விட்டார். அடுத்த வருஷம் எடுத்துப் பார்த்து அப்படியே காப்பி அடிக்கப்போகும் ஜூனியர்களே, தயவுசெய்து கடைசிப் பக்கத்தையும் சேர்த்து அடிங்க.

புதுப் படத்தை எடுத்துக்கிட்டு காட்டூரில் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். சாப்பிட்ட கையைத் துடைச்சுட்டு, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, கீழிருந்து மேலே ஒவ்வொரு ரிங்கா விரல் வெச்சுப் பார்த்தார். பன்னிரண்டு, பத்து, எட்டு. தலையாட்டினார். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"பத்தும் எட்டும் சேர்ற எடத்துல, உள்பக்கம் சமமா வருதா, வெளிப்பக்கம் சமமா வருதா?"

முழிச்சேன்.

"உள்பக்கம் சமமா வெக்கணும்டா. ட்ரே எல்லாம் ஒரே அளவுல உக்காரணும்ல. படத்துல போட்டுக் குடு, இல்லன்னா ரோலிங்ல நான் எந்த டயாவுக்கு சுருட்டுறது?"

பென்சில் கேட்டேன். பெரியம்மா பால் கணக்கு எழுதற பென்சிலை எடுத்துக் கொடுத்தாங்க.